செல்டன்ஹாமில் வெல்லும் குதிரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: "கிண்டியில் அப்பாவோடு ரேஸ் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது பர்மிங்ஹாமில் வேலை. வரும் மார்ச்சில் அலுவலக நண்பர்களோடு முதல்முறையாகச் செல்டன்ஹாம் விழாவுக்குப் போகிறேன். தடை தாண்டும் ரேஸ் எனக்குப் புதிது. எந்தக் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்று கணிக்க ஏதாவது வழி உண்டா, இல்லை எல்லாமே அதிர்ஷ்டமா?"

அதிர்ஷ்டம் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. குதிரைப் பந்தயம் சூதா திறமையா என்ற கேள்வி உங்கள் கிண்டி மைதானத்தை வைத்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1996-ல் வந்த தீர்ப்பு, திறமைதான் முதன்மை என்று சொன்னது. குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கி, தரை எல்லாவற்றையும் படித்து முடிவெடுக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். மார்ச்சில் நான்கு நாள் தடை தாண்டும் ரேஸ்கள் நடக்கும் செல்டன்ஹாமுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது பல வருடங்கள் அங்கே போய் நின்று பார்த்த என் எண்ணம்.

காரணம் சொல்கிறேன். கிண்டியில் நீங்கள் பார்த்தது தட்டையான ஓட்டம். பெரிய ரேஸ்களில் ஓடுபவை மூன்று, நான்கு வயதுக் குதிரைகள். நன்றாக ஓடினால் சீக்கிரமே இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். தடை தாண்டும் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. அவற்றுக்கு ஓட்டம்தான் வாழ்க்கை. நான்கைந்து வயதில் தொடங்கி, ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் உச்சத்துக்கு வந்து, பத்து பன்னிரண்டு வயது வரைகூட ஓடும். அதாவது அதே குதிரை வருடா வருடம் மார்ச்சில் அதே மைதானத்துக்குத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு குதிரையின் கையிலும் ஒரு டைரி இருக்கிற மாதிரி. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

என்னுடைய முறை ஒன்றே ஒன்றுதான்: வெல்லும் குதிரையை நேராகத் தேடுவதில்லை. இந்த மைதானத்தில், இந்தத் தரையில், இந்தத் தூரத்தில் வெல்ல முடியாத குதிரைகளைக் கழித்துக்கொண்டே வருவேன். பன்னிரண்டு பேர் ஓடும் ரேஸில் எட்டுப் பேரைக் கழிக்க முடிந்தால் மிச்சம் நான்கு. அந்த நான்கில் எதற்குக் கொடுக்கும் விலை நியாயமானது என்று பார்ப்பது கடைசி வேலை.

கழிப்பதற்கு முதல் கருவி அந்த மேடு.

டிவியில் பார்த்தால் செல்டன்ஹாம் ஒரு பச்சைத் தட்டு மாதிரி தெரியும். நேரில் போய் நின்றால்தான் புரியும், பின்னால் கிளீவ் குன்று எழுந்து நிற்க, மைதானமே ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. கடைசிச் சுற்றில் குதிரைகள் ஒரு சரிவில் வேகமாக இறங்கி, இடது பக்கம் திரும்பி, கடைசித் தடையைத் தாண்டியதும் முடிவுக்கோடு வரை ஏற்றத்தில் ஓட வேண்டும். தூரம் இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான். ஆனால் மூன்று மைல் ஓடிக் களைத்த குதிரைக்கு அந்தச் சின்ன ஏற்றம் சுவர் மாதிரி.

விழாவின் முதன்மை ரேஸான கோல்ட் கப்பில், 2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில்வினியாகோ கோன்டி அதற்கு முந்தைய டிசம்பரில் கெம்ப்டன் மைதானத்தில் கிங் ஜார்ஜ் சேஸை (சேஸ் என்றால் உயரமான வேலிகளைத் தாண்டும் ரேஸ்) வென்றுவிட்டு வந்த குதிரை. கடைசி வேலிக்கு அதுதான் முன்னால் வந்தது. தாண்டியதும் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது, கால்கள் தளர்ந்தன, மேட்டில் ஒவ்வொரு குதிரையாக அதைக் கடந்து போக, நான்காவதாக முடித்தது. வென்றது லார்ட் விண்டர்மியர். ரேஸின் பெரும்பகுதியில் கூட்டத்துக்கு வால் பிடித்துக்கொண்டு வந்த குதிரை, விலை 20/1, அதாவது ஒரு பவுண்டு வைத்தால் 20 லாபம். மேட்டில் ஏறி வந்து மயிரிழையில் ஜெயித்தது. இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? 'இதுதான் வெல்லும்' என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் டைரியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. லார்ட் விண்டர்மியர் முந்தைய வருடம் இதே விழாவில் மூன்று மைல் புதுக்குதிரைகள் (அந்த வகை ரேஸுக்குப் புதியவை) சேஸை வென்றிருந்தது. சில்வினியாகோ கோன்டி முந்தைய வருடம் இதே கோல்ட் கப்பில் விழுந்திருந்தது. அது டிசம்பரில் வென்ற கெம்ப்டன், வலது பக்கம் திரும்பும் தட்டையான மைதானம். அங்கே வேகமும் துல்லியமான தாண்டலும் இருந்தால் போதும். அடுத்த டிசம்பரிலும் அந்தக் குதிரை கெம்ப்டனில் வென்றது, அடுத்த மார்ச்சிலும் செல்டன்ஹாமில் தோற்றது. திறமையில் குறை இல்லை. இடம்தான் ஒத்துவரவில்லை.

இதனால்தான் 'இந்த விழாவில் இதற்கு முன் எப்படி ஓடியது?' என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கிறேன். மினெல்லா இண்டோவின் டைரியைப் பாருங்கள். 2019-ல் மூன்று மைல் புதுக்குதிரைகள் ஹர்டிலில் (வேலியைவிடத் தாழ்வான தடைகள் கொண்ட ரேஸ்) 50/1 விலையில் வென்றது. 2020-ல் புதுக்குதிரைகள் சேஸில் இரண்டாவது. 2021-ல் கோல்ட் கப். 2022-ல் கோல்ட் கப்பில் இரண்டாவது. நான்கு மார்ச், இரண்டு வெற்றி, இரண்டு இரண்டாமிடம். குவேகா என்ற பெண்குதிரை 2009 முதல் 2014 வரை தொடர்ந்து ஆறு முறை, பெண்குதிரைகளுக்கான மேர்ஸ் ஹர்டிலை வென்றது. டைகர் ரோல் இந்த விழாவில் ஐந்து முறை வென்றது, அதுவும் ஹர்டில், நீண்ட தூர சேஸ், கிராஸ் கன்ட்ரி என்று மூன்று வகை ரேஸில்.

எதிர்ப்பக்கம் ஜான்பான். சாண்டவுன், ஆஸ்காட், எய்ன்ட்ரீ என்று போன இடமெல்லாம் பெரிய ரேஸ்களை வென்ற அருமையான குதிரை. விழாவில் மட்டும் 2022-லும் 2023-லும் இரண்டாவது. 2025-ல் இரண்டு மைல் சாம்பியன் சேஸுக்கு அதிகம் பேர் நம்பிய ஃபேவரிட்டாக வந்து மீண்டும் இரண்டாவது. நவம்பரில் இதே செல்டன்ஹாமில் வென்றிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நவம்பரில் நான்கைந்து குதிரைகளோடு ஓடுவதும், மார்ச்சில் ஆரம்பத்திலிருந்தே விடாத வேகத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. அந்த 2025 சாம்பியன் சேஸில் ஜான்பானைத் தோற்கடித்த மரீன் நேஷனல் 2023 விழாவின் முதல் ரேஸை வென்ற குதிரை. அப்போது அதன் மேல் இருந்த ஜாக்கி மைக்கேல் ஓ'சல்லிவன். 2025 பிப்ரவரியில் தர்ல்ஸ் மைதானத்தில் விழுந்து இறந்துபோனார். வயது 24. அடுத்த மாதம் மரீன் நேஷனல் மேட்டில் தனியாக ஏறி வந்தபோது பந்தயச் சீட்டை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்தது, செல்டன்ஹாம் ஒரே மைதானம் இல்லை. செவ்வாயும் புதனும் ஓடுவது பழைய தடம். வியாழனும் வெள்ளியும் புதிய தடம். முதலாவதில் திருப்பங்கள் நெருக்கம், வேகமான, சட்டென்று முடுக்கக்கூடிய குதிரைக்குச் சாதகம். இரண்டாவதில் சுற்று நீளம், தாக்குப்பிடிக்கும் குதிரைக்குச் சாதகம். ஹர்டில் ரேஸ் என்றால் வித்தியாசம் இன்னும் கூர்மை. புதிய தடத்தில் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரண்டே ஹர்டில்கள்தான். அங்கே தாண்டும் திறமையைவிட ஓடும் திறமை பேசும். ரேஸ் கார்டில் (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) 'சி' என்று போட்டிருந்தால் இந்த மைதானத்தில் வென்றது என்று அர்த்தம், 'டி' என்றால் இந்தத் தூரத்தில். ஆனால் எந்தத் தடத்தில் என்று கார்டு சொல்லாது. அதை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். விழாவின் எந்த நாளில் வென்றது என்று பார்த்தாலே தடம் தெரிந்துவிடும்.

இதற்கு நான் கொடுக்கும் மிகச் சிறந்த உதாரணம் 2025 கோல்ட் கப். கேலோபின் டே ஷாம் 2023, 2024 இரண்டு வருடமும் வென்று, மூன்றாவது முறைக்கு 8/13 விலையில் வந்தது. எதிரே இனோதவேயுர்திங்கின் என்ற ஏழு வயதுக் குதிரை. அந்த சீசனில் ஒரு வெற்றிகூட இல்லை. பிப்ரவரியில் டப்ளின் லெப்பர்ட்ஸ்டவுனில் நடந்த ஐரிஷ் கோல்ட் கப்பில் கேலோபினுக்குப் பின்னால் நான்காவது. நுழைவுப் பட்டியலிலேயே இல்லாத அதை, உரிமையாளர் ஜே.பி. மக்மனஸ் 25,000 பவுண்டு கூடுதல் கட்டணம் கட்டிக் கடைசி நேரத்தில் சேர்த்தார். அதன் டைரியில் ஒரு வரி இருந்தது: 2024 மார்ச், விழாவின் வியாழக்கிழமை, அமெச்சூர் ஜாக்கிகள் ஓட்டும் கிம் மியூர் சேஸ், எளிதான வெற்றி. புதிய தடம், கோல்ட் கப்புக்குக் கிட்டத்தட்ட சமமான தூரம். லெப்பர்ட்ஸ்டவுனிலும் நான்காவதாக வந்தாலும் கடைசிக் கட்டத்தில் முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. அதாவது மூன்று மைல் அதற்குப் போதவில்லை, இன்னும் தூரம் வேண்டும். கோல்ட் கப் மூன்று மைல் இரண்டரை ஃபர்லாங், கிட்டத்தட்ட ஐந்தேகால் கிலோமீட்டர், 22 வேலிகள். கடைசி வேலிக்குப் பின் ஆறு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) பிரித்துக்கொண்டு போனது. விலை 15/2. பெயர் போன ரேஸில் நான்காவது என்பதைப் பார்த்தவர்கள் ஒதுக்கினார்கள். எப்படி நான்காவதாக வந்தது என்று பார்த்தவர்கள் ஒதுக்கவில்லை.

ஆகவே எண்களைப் படிக்கும்போது ரேஸின் வீடியோவையும் பாருங்கள். முந்தைய ஓட்டங்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கும். முன்னால் இருக்கும் குதிரையைப் பார்க்காதீர்கள், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். முடிவுக்கோட்டுக்குப் பிறகும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது, நான்காவது குதிரையைப் பாருங்கள்.

தரை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இங்கிலாந்தின் மார்ச் மாதம் எப்படி என்று பர்மிங்ஹாமில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதான நிர்வாகம் 'குட் டு சாஃப்ட்' என்ற நிலையில் விழாவைத் தொடங்கத்தான் பார்க்கும். மழை இல்லையென்றால் தண்ணீர்கூடப் பாய்ச்சுவார்கள். குதிரைகள் கீழே விழும்போது தரை சற்று இளகியிருப்பது அவற்றுக்கும் ஜாக்கிகளுக்கும் பாதுகாப்பு. ஆனால் திங்கள் இரவு நல்ல மழை பெய்தால் கதை மாறிவிடும். 'சாஃப்ட்', அதற்கும் மேலே 'ஹெவி' என்று போனால் நீங்கள் ஒரு மாதமாகப் போட்ட கணக்கை மறுபடி போட வேண்டும்.

குதிரை ஓடும் விதத்தைப் பார்த்தாலே எந்தத் தரை பிடிக்கும் என்று ஓரளவு தெரியும். ஓட்டத்துக்கு முன் ஸ்டார்ட்டுக்குப் போகும்போது கவனியுங்கள். முழங்காலை உயர்த்தி, குளம்பைச் செங்குத்தாக ஊன்றி ஓடும் குதிரை சேற்றில் காலை உருவி எடுக்கும். புல்நுனியைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வாக, நீளமாக வீசி ஓடும் குதிரை காய்ந்த தரையில் பறக்கும், சேற்றில் திணறும். நான் முதலில் இதை நம்பவில்லை. ஒரு மழை நாளில் தடுப்புக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு குதிரைகள் அடுத்தடுத்துப் போவதைப் பார்த்தேன். முதலாவதன் குளம்பு 'சப் சப்' என்று எழுந்தது. இரண்டாவது ஒவ்வொரு அடிக்கும் சற்று வழுக்கி, தலையை மேலே தூக்கியது. ரேஸில் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து ஸ்டார்ட்டுக்குப் போகும் குதிரைகளைப் பார்க்காமல் பணம் வைப்பதில்லை.

தரையில் இன்னொரு நுட்பம். வியாழக்கிழமை புதிய தடம் தொடங்கும்போது அது இரண்டு நாளாக மிதிபடாத புல். அறிவிப்பில் ஒரே பெயர் இருந்தாலும் புதன் மாலைத் தரையும் வியாழன் காலைத் தரையும் ஒன்றல்ல. வியாழன் முதல் ரேஸ் முடிந்ததும் ஜாக்கிகள் டிவியில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அதைவிட நல்ல தகவல் கிடையாது.

வயதைப் பற்றிச் சுருக்கமாக. கோல்ட் கப்பில் பத்து வயதைத் தாண்டிய குதிரை கடைசியாக வென்றது 1969-ல், வாட் எ மித், 12 வயது. அதற்குப் பிறகு 2025 வரை ஒன்றுகூட இல்லை. சாம்பியன் ஹர்டிலில் ஐந்து வயதுக் குதிரைகளுக்குக் கஷ்டம். 1985-க்குப் பிறகு 2008-ல் கட்சிட்தான் வென்றது, அதன் பின் 2019-ல் எஸ்ப்வார் தாலென். புதுக்குதிரை கோல்ட் கப்பை வெல்வதும் அபூர்வம். 2015-ல் கோனிகிரி வென்றது 1974-க்குப் பிறகு முதல் முறை. இவற்றைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டு குதிரைகளுக்கு நடுவே தடுமாறும்போது தராசை ஒரு பக்கம் சாய்க்கப் போதுமானவை.

எல்லாக் கணக்கையும் மீறி நிற்கும் குதிரைகளும் உண்டு, அதையும் மனசில் வையுங்கள். டெசர்ட் ஆர்க்கிட் வலது பக்கம் திரும்பும் மைதானங்களை விரும்பிய வெள்ளைக் குதிரை. சேறு பிடிக்காது. 1989 கோல்ட் கப் நாளில் மழையும் பனியும் கொட்டி மைதானம் களிமண் குளமாகிவிட்டது. சேற்றில் மகிழ்ச்சியாக ஓடும் யாஹூ என்ற குதிரை முன்னால். மேட்டில் டெசர்ட் ஆர்க்கிட் அதைப் பிடித்துக் கடந்தது. என் முறைப்படி அதை முதலிலேயே கழித்திருப்பேன். உண்மையான தரமும் நெஞ்சுரமும் உள்ள குதிரையைக் கழிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கட்டும்.

இனி தாண்டல். கிண்டிப் பழக்கத்தில் நீங்கள் கவனிக்க மறப்பது இதுவாகத்தான் இருக்கும். கார்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்களுக்கு நடுவே எழுத்துகள் வரும். எஃப் என்றால் விழுந்தது. யூ என்றால் ஜாக்கி மட்டும் விழுந்தார். பி என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஒரு எஃப் இருந்தால் பயப்பட வேண்டாம், எந்தக் குதிரையும் விழும். ஆறு ஓட்டத்தில் இரண்டு மூன்று எழுத்து வந்தால் கழித்துவிடலாம். மூச்சுக்குழாய் அறுவை நடந்திருந்தால், 2018 முதல் பிரிட்டனில் அதையும் அறிவிக்க வேண்டும் என்று விதி. முந்தைய ரேஸில் கடைசிக் கட்டத்தில் திடீரென்று களைத்துப்போன குதிரை, இப்போது அந்த அறுவை முடித்து வந்தால் நான் இரண்டாம் முறை பார்ப்பேன்.

2025 சாம்பியன் ஹர்டிலைச் சொல்லாமல் தாண்டலைப் பற்றிப் பேச முடியாது. கான்ஸ்டிட்யூஷன் ஹில் 1/2 விலை. 2022-ல் விழாவின் முதல் ரேஸை 22 லெங்த்தில் வென்றது, 2023-ல் இதே சாம்பியன் ஹர்டிலை வென்றது, அதுவரை தோல்வியே அறியாதது. ஐந்தாவது ஹர்டிலில் விழுந்தது. மைதானமே மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. முந்தைய வருடச் சாம்பியன் ஸ்டேட் மேன் முன்னால் தனியாக வந்தது. கடைசி ஹர்டில். அதுவும் விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த கோல்டன் ஏஸ் என்ற பெண்குதிரை, தன் வழியில் ஓடி வந்து ஒன்பது லெங்த்தில் வென்றது. விலை 25/1.

இதை முழு அதிர்ஷ்டம் என்று பலர் சொன்னார்கள். இரண்டு குதிரைகள் விழுந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் ஓட்டத்துக்கு முன்பே இரண்டு விஷயங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அன்று இரண்டாவது ஃபேவரிட் பிரைட்டர்டேஸ்அஹெட். அதை முந்தைய வருடம் இதே விழாவில் பெண்குதிரைகள் ரேஸில் தோற்கடித்தது யார்? இந்தக் கோல்டன் ஏஸ்தான். அப்படியிருந்தும் ஒன்றுக்குச் சின்ன விலை, மற்றதற்கு 25/1. பெண்குதிரைகளுக்கு 7 பவுண்டு எடைச் சலுகையும் உண்டு. இரண்டாவது, 1/2 விலை என்றால் மூன்று முறை ஓடினால் இரண்டு முறை வெல்லும் என்று பொருள். அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நம்பினால் மட்டுமே அந்த விலைக்குப் பணம் வைக்க வேண்டும். எட்டு ஹர்டில்களை முழு வேகத்தில் தாண்ட வேண்டிய எந்தக் குதிரைக்கும் அந்த நம்பிக்கை எனக்கு வருவதில்லை, அது எவ்வளவு அற்புதமான குதிரையாக இருந்தாலும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே எழுதும் முறை வேறு. 15/2 என்றால் 2 பவுண்டு வைத்தால் 15 லாபம், வைத்த 2-ம் திரும்பி வரும். இரண்டையும் கூட்டி 17, அதில் 2 பங்கு என்றால் சுமார் 12 சதவீத வாய்ப்பு. நீங்கள் மனசுக்குள் அந்தக் குதிரைக்கு 20 சதவீதம் கொடுத்தால் வாங்கலாம், 10 என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு ரேஸிலும் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுதாமல் மனசில் போடும் கணக்கு எப்போதும் நமக்குப் பிடித்த குதிரைக்குச் சாதகமாகத்தான் வரும்.

ஐரிஷ் குதிரைகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்ல வேண்டும். அயர்லாந்திலிருந்து வருபவை இப்போது விழாவை ஆள்கின்றன. 2021-ல் 28 ரேஸில் 23, 2025-ல் 20 அவர்களுக்கு. கார்லோ மாவட்டத்தில் இருக்கும் வில்லி மல்லின்ஸ் 2024-ல் தன் நூறாவது விழா வெற்றியைத் தொட்டார். வேறு எந்தப் பயிற்சியாளரும் அதன் அருகில் இல்லை. கோர்டன் எலியட், ஹென்றி டி பிரோம்ஹெட், காவின் கிராம்வெல் என்று அடுத்த வரிசையும் அங்கிருந்துதான். ஆகவே பிப்ரவரி தொடக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுனில் நடக்கும் டப்ளின் ரேசிங் விழாவைத் தவறாமல் பாருங்கள். அதுதான் ஒத்திகை.

ஒரே பயிற்சியாளரின் மூன்று நான்கு குதிரைகள் ஒரு ரேஸில் இருந்தால் முதல் ஜாக்கி எதில் ஏறுகிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதுவே வேதவாக்கு இல்லை. 2019 கோல்ட் கப்பில் ரூபி வால்ஷ் பெல்ஸ்ஹில்லைத் தேர்ந்தெடுத்தார். விழாவில் அவர் அளவுக்கு வென்ற ஜாக்கி கிடையாது. வென்றது அவர் விட்ட அல் பூம் ஃபோட்டோ, மேலே பால் டவுனெண்ட், விலை 12/1. 2021-ல் ரேச்சல் பிளாக்மோர் ஏ பிளஸ் டார்டைத் தேர்ந்தெடுக்க, வென்றது அதே பயிற்சியாளரின் மினெல்லா இண்டோ. அடுத்த வருடம் அதே ஏ பிளஸ் டார்டில் 15 லெங்த்தில் வென்று, கோல்ட் கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார். ஜாக்கி விட்ட குதிரையின் விலை தேவைக்கு மேல் ஏறும். அங்கேதான் நமக்கு வேலை.

ஹேண்டிகேப் ரேஸ்கள். கிண்டியில் பழகியதுதான்: நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை, எல்லோரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி. மூன்று மைலில் ஒரு பவுண்டு எடை ஏறக்குறைய ஒரு லெங்த் என்பது இங்கே வழக்கமான கணக்கு. விழாவின் ஹேண்டிகேப்களில் இருபதுக்கும் மேற்பட்டவை ஓடும், பல குதிரைகளை இந்த ஒரு நாளுக்காகவே மாதக்கணக்கில் தயார் செய்திருப்பார்கள். முதல் வருடம் இவற்றில் பெரிய பணம் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசை விடவில்லையென்றால் 'ஈச் வே' வையுங்கள். பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி இடத்துக்கு, அதாவது முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. 20/1 குதிரைக்கு ஈச் வே 10 பவுண்டு வைத்தால் செலவு 20. ஐந்தில் ஒரு பங்கு விலையில் இடம் கொடுத்தால், மூன்றாவதாக வந்தாலும் இடத்துக்கு வைத்த 10-க்கு 40 லாபம், வெற்றிக்கு வைத்த 10 போகும், மிச்சம் 30. விழா நாட்களில் சில புக்கிகள் ஐந்தாறு இடம் வரை பணம் கொடுப்பார்கள். கடைக்குக் கடை கேட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் முன்னாலேயே பணம் வைப்பதாக இருந்தால், குதிரை ஓடாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மார்ச் முதல் வாரத்தில் ஒரு கால்வீக்கம் உங்கள் பணத்தைக் கொண்டுபோய்விடும்.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் என்ன பார்ப்பது? முடி பளபளப்பு, பின்தொடையின் மேல்பகுதியில் தசை பிதுங்கி நிற்பது, விலா எலும்புகள் லேசாகத் தெரிவது, காது முன்னோக்கி நிமிர்ந்திருப்பது எல்லாம் நல்ல அறிகுறி. கழுத்தில் சற்று வியர்வை பரவாயில்லை. பின்தொடைகளுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வியர்த்திருந்தால் அந்தக் குதிரை பாதி ரேஸை அங்கேயே ஓடி முடித்துவிட்டது. ஆனால் அதே குதிரை வழக்கமாகவே அப்படி வியர்க்கும் ரகமா என்று தெரிந்திருக்க வேண்டும். சில குதிரைகள் நுரையோடு வந்து வென்றிருக்கின்றன.

பணத்தைப் பற்றி மனதாரச் சொல்கிறேன். நான்கு நாளுக்கோ ஒரு நாளுக்கோ, போனால் வருத்தப்படாத ஒரு தொகையை வீட்டிலேயே ஒதுக்கி எடுத்துப் போங்கள். ஏழு ரேஸிலும் பணம் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு ஒரு நாளில் இரண்டு ரேஸ்தான் உண்மையில் புரியும், மற்றதைச் சும்மா பார்த்து ரசிப்பேன். விட்டதைப் பிடிக்கக் கடைசி ரேஸில் இரட்டிப்பாக வைப்பது மட்டும் வேண்டாம். அந்தக் கடைசி ரேஸ் பெரும்பாலும் இருபத்துச் சொச்சம் குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப், ஆகக் கடினமானது. கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தோன்றினால் பிரிட்டனில் கேம்ஸ்டாப்பில் பதிந்து இணையப் பந்தயங்களிலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் எந்த நாள் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுக்க முடியுமென்றால், கோல்ட் கப் நாள் வெள்ளியைவிட முதல் நாள் செவ்வாயைச் சொல்வேன். முதல் ரேஸ் கிளம்பும்போது கூட்டம் ஒரே குரலில் எழுப்பும் அந்த முழக்கத்தை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும். அதற்கு மெயின் ஸ்டாண்டில் நில்லுங்கள். அடுத்த ரேஸுக்கு மட்டும் கீழே இறங்கிக் கடைசித் தடைக்குப் பக்கத்தில் கம்பியோரம் போய் நில்லுங்கள். குதிரைகள் தாண்டி இறங்கும் அதிர்வு காலடியில் தெரியும். யார் மூச்சு வாங்குகிறது, யார் இன்னும் காதை முன்னால் வைத்திருக்கிறது என்று அங்கிருந்து பார்க்கலாம். பேடாக்கில் முன்வரிசை வேண்டுமானால் முந்தைய ரேஸின் கடைசித் தடை முடிந்ததுமே நகர்ந்துவிடுங்கள், பரிசளிப்பைப் பார்த்துவிட்டுப் போனால் தலைகள்தான் தெரியும். பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.